எனக்கு இருப்பது வழக்கு அல்ல, வாயு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் பொய்யை எழுத்தில் வைக்கக் கூடாது என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் என் மகன் மேல் வழக்குப் போடவில்லை. போட்டதும் இல்லை, போடப் போவதும் இல்லை. உன்னை விட்டுவிட்டு வேறு வக்கீலைப் பிடித்ததாகச் சொல்வதும் கட்டுக்கதை. எனக்கு இருப்பது வயிற்றில் வாயு. இந்த ஒரு சொல்லை என் கையாலேயே எழுதவேண்டிய நிலைமைக்கு நீ என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து, ஓய்வு பெறும் நாள்வரை யாரிடமும் ஒரு தலைவலி என்றுகூடச் சொல்லாதவள் நான். இன்று நம் உறவில் பாதிப் பேருக்கு நான் பெற்ற மகனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள். மீதிப் பேருக்கு, உண்மை தெரிந்தபிறகு, நான் என்னவாக இருப்பேன் என்பதை நீயே நினைத்துப் பார்.

போன வாரம் பெரிய சித்தி மகள் கூப்பிட்டாள். எடுத்ததும், “அக்கா, பெத்த பிள்ளை மேலேயே கேஸ் போட்டுட்டீங்களாமே! நல்ல காரியம் பண்ணினீங்க. இதைச் சொல்லித்தான் எங்க வீட்டுல நான் ஒருத்தனை மிரட்டிட்டு இருக்கேன்” என்றாள். என்னால் பேசவே முடியவில்லை. அந்த மௌனத்தை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, “அழாதீங்கக்கா, நியாயம் உங்க பக்கம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். உடனே உன்னைக் கூப்பிட்டேன். உன் மனைவி எடுத்து, “இந்த விஷயத்தில போன்ல வாயே திறக்கக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டார் மதினி. லைன்ல யாராவது கேட்டுட்டிருப்பாங்களாம்” என்று கிசுகிசுத்தாள். லைனில் யார் எப்போது கேட்பார்கள் என்பது உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவேதான் இந்தக் கடிதம். தயவுசெய்து இதை நடுவில் நிறுத்தாமல், யாருக்கும் உரக்க வாசித்துக் காட்டாமல், முழுவதும் படி.

எனக்குச் சர்க்கரை நோய் வந்தது உன் அத்தான் போன மறு வருஷம். அதை நான் ஒழுங்காகவே வைத்திருந்தேன். மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு என்று டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகியதில்லை. ஆனால் சமீப காலமாக வயிறு தன்னிச்சையாக நடக்க ஆரம்பித்தது. சாப்பிட்டதும் உப்பிக்கொள்கிறது. உப்பியது சும்மா இருப்பதில்லை, பேசுகிறது. நூலகத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். என் வயிறு நாற்காலியை இழுப்பது போல ஒரு சத்தம் போட்டது. நூலகர் உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். என்னை! அந்த நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்று இத்தனை காலம் புகார் எழுதிப் போட்டவளே நான்தான். வயிறு இப்படியென்றால் தூக்கம் அதற்கு மேல். கண்ணை மூடினால் நெஞ்சுக்குக் கீழே காற்று ஏறிக்கொண்டு உட்கார வைக்கிறது. அது இறங்கினால் சிறுநீர் எழுப்புகிறது. இரவில் வராத தூக்கம் பகலில் கேட்காமல் வருகிறது. கண் மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேனாம். என்னை எழுப்ப மனமில்லாமல் அவர், தன் பெயரைக் கூப்பிட்டபோதுகூட எழுந்து போகவில்லையாம். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளையின் தோள்! விழித்தபோது அவர், “பரவாயில்லைம்மா, எனக்குக் கண்ணு இன்னும் கொஞ்சம் தெரியுது, நாளைக்கு வந்துக்கறேன்” என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. அடுத்த நாள் வீட்டு நாற்காலியில் தூங்கியபோது என் மூக்குக்கண்ணாடி என் எடைக்குக் கீழே நசுங்கியது. கண்ணாடி இல்லாத அந்த நான்கைந்து நாட்களில்தான் எல்லா அநியாயமும் நடந்தது.

என் மருமகள் நல்ல பெண். அதைக் குறித்துக்கொள். நான் டாக்டரிடம்கூட வயிற்றைப் பற்றிச் சொல்ல மறுக்கிறேன் என்று கவலைப்பட்டு, உனக்குக் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். அதை என்னிடம் பிறகு காட்டினாள். “மாமா, அத்தைக்கு ரொம்ப நாளா கேஸ். யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாங்க. எல்லாத்தையும் உள்ளேயே அடக்கி வச்சிருக்காங்க. தூக்கமே இல்லை. நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்க” என்று இருந்தது. சாதாரண மனிதன் யாராக இருந்தாலும் இதைப் படித்து, பாவம் அக்காவுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்திருப்பான். நீ வக்கீல். வாழ்நாள் முழுவதும் கேஸ் என்ற சொல்லைச் சோறாகச் சாப்பிட்டவன். ‘ரொம்ப நாளா கேஸ்’ என்றால் நெடுநாள் நிலுவையில் உள்ள வழக்கு. ‘உள்ளேயே அடக்கி வச்சிருக்காங்க’ என்றால் குடும்ப ரகசியம். ‘எடுத்துச் சொன்னா கேப்பாங்க’ என்றால் எதிர்த்தரப்பு சமரசத்துக்குக் கெஞ்சுகிறது. இதில் உனக்குப் பெரிய வருத்தம் என் மகன் கெட்டவன் என்பதுகூட இல்லையாம், அக்கா வேறு வக்கீலிடம் போய்விட்டாளே என்பதாம். போனை வைக்கும் முன் உன் மனைவிதான் அதையும் கிசுகிசுத்தாள். அந்தக் கேஸை எப்படியாவது உன் கைக்கு மாற்றிக்கொள்வது என்று நீ முடிவு செய்துவிட்டாய்.

அந்த வாரத்தில்தான் சர்க்கரை நோய் மருத்துவமனையிலிருந்து, வயதானவர்களின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றி விசாரிக்க உணவு ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்று தகவல் வந்திருந்தது. சொன்ன நாளில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, ஒரு பெண்மணி வந்தார். நடுத்தர வயது. வெள்ளை உடை. கைப்பையிலிருந்து கறுப்பாக ஏதோ துணி எட்டிப் பார்த்தது. குடையின் உறை என்று நினைத்தேன். அது வக்கீல் கோட்டு என்று கண்ணாடி இல்லாத எனக்கு எப்படித் தெரியும்?

“ஐயா அனுப்பினார்மா. எதையும் மறைக்காம சொல்லணும்னு சொன்னார்” என்றார்.

ஐயா என்றால் டாக்டர் என்றுதானே நினைப்பேன்? உன்னை ஐயா என்று கூப்பிட உலகத்தில் ஆள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“எத்தனை நாளாம்மா இந்தத் தொந்தரவு?”

“சில மாசமா. முன்னாடியும் உண்டு. ஆனா இப்படி வெளியே தெரியற மாதிரி இருந்ததில்லை.”

“மகனுக்குத் தெரியுமா?”

“ஒரே ஹால்ல உட்கார்ந்திருக்கோம், தெரியாம இருக்குமா? டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவான்.”

“அடப்பாவமே. மருமக?”

“எழுந்து போய் ஜன்னலைத் திறந்து விடுவா.”

“சாப்பாடெல்லாம் குடுக்கறாங்களா?”

“அவங்களுக்கு வேற, எனக்கு வேற. எனக்குச் சின்னக் கிண்ணத்துல அளந்துதான் வைப்பா. மேல ஒரு கரண்டி கேட்டாக் கிடைக்காது.”

பேனா தாளைக் கிழிப்பது போல ஓடியது. அவர் கண் என் கைக்குப் போனது. “விரலெல்லாம் என்னம்மா புள்ளி புள்ளியா?”

“தினம் காலையில என் மகன் குத்துவான்.”

“எதால?”

“ஊசியாலதான், வேற எதால?”

“நீங்க தடுக்கலையா?”

“தடுத்தா விடற ஆளா அவன்? ‘அசையாதேம்மா’ன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்குவான். ரத்தம் வர்ற வரைக்கும் விடமாட்டான்.”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரத்தச் சர்க்கரை பார்ப்பதற்கு இவ்வளவு உருகும் ஆலோசகரா என்று எனக்கே நெகிழ்ந்துபோயிற்று. நெகிழ்ச்சியில், வழக்கமாகச் சொல்லாததையும் சொன்னேன்.

“தூங்க முடியுதாம்மா?” என்று கேட்டார்.

“எங்கே? என் அறை மாடியில. பாத்ரூம் கீழே. மறுபடி மறுபடி எழுந்து இறங்கணும். ஒரு நாள் இறங்கும்போது சர்க்கரை குறைஞ்சு கண்ணு இருட்டிடுச்சு. நடுப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். உடம்பெல்லாம் வேர்வை. கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.”

“யாரையும் கூப்பிடலையா?”

“எதுக்கு? ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போறவங்க.”

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “சமரசமா முடிச்சுக்கப் பார்க்கலாமா, இல்லை கடைசி வரைக்கும் போயிடலாமாம்மா?” என்றார். இது என்ன பேச்சு என்று தோன்றியது. படித்தவர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் சுற்றிவளைத்துப் பேசுகிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

“சமரசமெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. வெந்நீர் குடிச்சா கொஞ்ச நேரம் அடங்கும், திரும்ப ஆரம்பிச்சுடும். வெளியேத்தறதுதான் ஒரே வழி.”

“வெளியேத்திடலாம்கறீங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இதில யோசிக்க என்ன இருக்கு? சத்தமில்லாம வெளியேறினா எல்லாருக்கும் மரியாதை. இல்லைன்னா சத்தத்தோடதான் ஆகட்டும்.”

“வீடு யார் பேர்ல இருக்கும்மா?”

“என் பேர்ல” என்றேன். உணவுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாதித் தூக்கத்தில் இருந்தேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்கம்மா, நாங்க இருக்கோம்” என்றார். அன்று மாலை மகனிடம், மருத்துவமனையில் நல்ல தங்கமான பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

உன் நோட்டீஸ் அவன் அலுவலகத்துக்குப் போனது. வீட்டுக்கு அனுப்பத் தோன்றவில்லையா உனக்கு? கப்பல் சரக்கு அலுவலகம், சுற்றிலும் ஆட்கள். சரக்கு சம்பந்தப்பட்ட காகிதம் என்று நினைத்து அவன் எல்லார் முன்னாலும் பிரித்திருக்கிறான். முதல் பத்தி: வயது முதிர்ந்த தாயின் விரல்களைத் தினந்தோறும் கூரிய ஆயுதத்தால் குத்தி இரத்தம் வரவழைத்தது. இரண்டாம் பத்தி: உணவை அளந்து கொடுத்தது, அவள் வேதனைக் குரல் வெளியே கேட்காதபடி தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டியது. வேதனைக் குரல்! மூன்றாம் பத்தி நான் படியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான்காம் பத்தி: பதினைந்து நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குக் கீழே தாய்மாமன் என்று போடாமல் வழக்கறிஞர் என்று உன் கையெழுத்து, பக்கத்தில் நான் அன்று போட்டுக் கொடுத்த கையெழுத்து.

அவன் வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை என் முன்னால், ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தான். புதுக் கண்ணாடி அன்றுதான் வந்திருந்தது. படித்தேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். “குத்தறது வலிக்குதுன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் மேஜைமேல் சர்க்கரை பார்க்கும் கருவியும் ஊசியும் எடுத்து வைத்திருந்தது. ஆள் இல்லை. நானே குத்திக்கொண்டேன், தம்பி. வலிக்கத்தான் செய்கிறது. அவன் குத்தும்போது வலித்ததாக எனக்கு நினைவே இல்லை.

மருமகள் ஓடிவந்து தன் கைபேசியைக் காட்டி அழுதாள். “நான் கேஸ்னுதான் அத்தை எழுதினேன், கேஸ்னு எழுதலை!” என்றாள். இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலாவது வாயு, அதற்கு வாய் அகலும்; இரண்டாவது வழக்கு, அதற்கு நீளும். எங்கள் சிஸ்டர் வாயில் பென்சிலை வைத்து அந்த வித்தியாசத்தைப் பழக்கியிருக்கிறார். தொலைபேசி நிலையத்தில் என் கீழே வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் நான் பழக்கியிருக்கிறேன். ஆனால் இப்போது எழுதிப் பார்க்கிறேன்: கேஸ், கேஸ். ஒரு புள்ளிகூட மாறவில்லை. வாழ்நாள் முழுவதும் உச்சரிப்பைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு எழுத்தில் இப்படி ஒரு குழி. வாயு என்று எழுதியிருந்தால் எவனாவது நோட்டீஸ் அனுப்பியிருப்பானா?

இன்னும் கேள். உண்மையான உணவு ஆலோசகர், சொன்ன நாளில் வர முடியாமல் போய், முந்தாநாள்தான் வந்தார். சின்னப் பெண். இந்தத் தடவை அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்த பிறகுதான் உள்ளே விட்டேன். சாப்பாட்டையெல்லாம் கேட்டுவிட்டு, “இது எதுவுமே காரணமா தெரியலையேம்மா. நடுவில வேற ஏதாவது கொறிப்பீங்களா?” என்றார். கொறிக்கும் வழக்கம் எனக்கு இல்லை என்றேன். தூக்கம் வராதபோது வாய்க்கு ஒரு மிட்டாய், அதுவும் சர்க்கரை இல்லாதது, என்று சொல்லி டப்பாவைக் காட்டினேன். அவர் டப்பாவைத் திருப்பி, நான் பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்திராத அடிப்பக்கத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சர்க்கரை இல்லைதான்மா. ஆனா இனிப்புக்கு இதில போட்டிருக்கறது வயித்தில சரியா செரிக்காது. குடல்ல போய்ப் புளிச்சுக் காத்தா மாறும். நிறையச் சாப்பிட்டா வயித்தாலயும் போகும்னு இதிலேயே எழுதியிருக்கான். ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுவீங்க?”

“சர்க்கரை இல்லாததை எதுக்கு எண்ணணும்?”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். தூக்கம் வரவில்லை என்று மிட்டாய், மிட்டாயால் காற்று, காற்றால் தூக்கம் போய், மறுபடி மிட்டாய். என் வயிற்றுக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சிறுநீருக்கு எழுவதையும் சர்க்கரை இறங்குவதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, இரவு மாத்திரையை அவர் மாற்றித் தரும்படி கேட்கச் சொன்னார். இன்று போகிறேன். சரி, டப்பா யார் கொடுத்தது என்று கேட்கமாட்டாயா? மூடியின்மேல் ஒட்டியிருந்த தாளில், ‘அக்காவுக்கு, பயமில்லாமல் சாப்பிடவும்’ என்று உன் கையெழுத்து. பெரிய டப்பா, தம்பி. அடி தெரியப் போகிறது. ஆக, இந்தக் கேஸில், எந்தக் கேஸாக வைத்துக்கொண்டாலும், முதல் எதிரி நீ.

இதையெல்லாம் சிரிக்க எழுதவில்லை. கீழே அவர்கள் அறையில் நேற்றிலிருந்து அட்டைப்பெட்டிகளில் சாமான் கட்டுகிறார்கள். ஒட்டும் நாடாவைக் கிழிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்கிறது. நான் போய், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியவள், எங்கே போகிறாய் என்று எந்த வாயால் கேட்பது? நான் அனுப்பவில்லை என்று சொன்னேன். அவன், “உன் கையெழுத்து இருக்கேம்மா” என்றான். என் கையெழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய பள்ளி மதிப்பெண் அட்டைகளில் போட்டதுதானே. என் மகன் இந்த வீட்டைவிட்டுப் போனால் நான் மாடியிலும் கீழேயும் தனியாக நடந்துகொண்டிருப்பேன். ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நோட்டீஸை, முதல் எழுத்து முதல் கடைசிப் புள்ளி வரை, வாபஸ் வாங்கு. அவன் அலுவலகத்துக்கே அனுப்பு, அங்கேயே எல்லார் முன்னாலும் பிரிக்கட்டும். சித்தி மகளுக்கும் மற்றவர்களுக்கும் நீயே உண்மையைச் சொல்லிவிடு. உன் சொல்வளத்தைப் பயன்படுத்தி, அக்காவுக்கு அஜீரணம் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் படிப்பிலும் பண்பிலும் சிறந்து, தங்களுக்கு வரும் செய்திகளை இரண்டு முறை படிக்கும் பொறுமையோடு நீடூழி வாழ என் ஆசிகள். உனக்கும் ஆசிகள் உண்டு, கோபம் ஆறிய பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே உள்ளதை முடித்து உறையில் போடும்போது மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். வாசல் பக்கம் போகாமல் மாடிக்கு ஏன் வருகிறான் என்று விளங்கவில்லை. “வழியை விடும்மா” என்றான். எங்கேடா கொண்டுபோறே என்று கேட்டே விட்டேன். “இங்கேதான். நாங்க மாடிக்கு வர்றோம். நீ கீழே எங்க ரூமுக்குப் போ, அங்கேயே பாத்ரூம் இருக்கு. மூணாவது பத்தியைப் படிச்சேன். அதை என்கிட்ட சொல்லலை, வக்கீல்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கே” என்றான். அவங்க வக்கீல்னு எனக்குத் தெரியாதுடா என்றேன். “அப்போ முன்னேபின்னே தெரியாதவங்ககிட்டச் சொல்லியிருக்கே” என்றான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “கையை நீட்டு, இன்னைக்குப் பார்த்தியா இல்லையா?” என்று விரலைப் பிடித்துக்கொண்டான். அசையாமல் இருந்தேன். ஆகவே, தம்பி, நோட்டீஸ் முழுவதையும் வாபஸ் வாங்கும்படி எழுதியதை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பத்திகளை வாபஸ் வாங்கு. மூன்றாம் பத்தி மட்டும் அப்படியே இருக்கட்டும். சட்டத்தில் அதற்கு இடம் உண்டா? போனில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு.